பகலா, அவேதினா?

என்னை அவேதினில் தள்ளிவிட்டவர் அப்பா. அந்தப் படிப்பும் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த கணக்குப் படிப்பும் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தன. தம்பியின் கல்யாணச் செலவில் பெரும்பங்கு என் சம்பளத்திலிருந்துதான் போனது. இருந்தாலும் அப்பா செய்தது சரியில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன். "எல்லாம் நல்லபடியாகத்தானே முடிந்தது" என்று சமாதானம் பேசும் உறவினர்கள் எங்கள் வீட்டுக்கு நிறையப் பேர் வருவார்கள். அவர்களுக்கு டீ கொடுப்பேன், பதில் கொடுப்பதில்லை.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அவேதின் என்பது உங்கள் ஊர் அஞ்சல்வழிக் கல்வி. ரங்கூனில் (இப்போது யாங்கோன் என்கிறார்கள்) அதற்கென்றே 1992இல் தனிப் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. வருடம் முழுவதும் வீட்டிலிருந்தே படிக்க வேண்டும். தேர்வு நெருங்கும்போது கொஞ்ச நாள் நேரில் வகுப்பு வைப்பார்கள், அதன் பிறகு தேர்வு. தினமும் போய் உட்கார்ந்து படிக்கிற பல்கலைக்கழகத்துக்கு இங்கே 'டே', அதாவது பகல், என்று பெயர். பத்தாம் வகுப்பு முடிவு வந்த வீடுகளில் அப்போதெல்லாம் ஜூன் மாதம் முழுக்க இந்த ஒரு கேள்விதான். டேயா, அவேதினா? மருத்துவத்துக்கு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் வீட்டில் இந்தக் கேள்வி எழாது. அந்த வீடுகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

எனக்கு முடிவு வந்தது 2003இல். பள்ளிக்கூடத்துச் சுவரில் தாள் ஒட்டும்போது சரியாக விடியக்கூட இல்லை. டார்ச் விளக்கோடு வந்தவர்கள் முன்னால் நின்றுகொண்டு மற்றவர்களின் எண்களையும் சத்தமாகப் படித்துச் சொன்னார்கள். தாளில் இருந்தது என் பர்மியப் பெயர். வீட்டில் கூப்பிடுவது வேறு பெயர். எங்கள் கண்டோகலே பக்கத்தில் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் இப்படி இரண்டு உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கிலத்துக்கு ஒரு 'டி', அதாவது டிஸ்டிங்ஷன், போட்டிருந்தது. தொண்ணூறு வாங்கி ஊரைக் கலக்கவில்லை. தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான்.

அப்பா தெருமுனைக் கடையில் மொகிங்கா, மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ், வாங்கிக் கொடுத்தார். கிண்ணத்தில் ஆவி அடங்குவதற்குள் சொல்லிவிட்டார்.

"அவேதினில் பேரைக் கொடுத்துவிட்டு எல்.சி.சி.ஐ. படித்துவிடு பாப்பா."

எல்.சி.சி.ஐ. என்றால் கணக்குப் படிப்பு. நான் டே என்றேன். டகோன் பல்கலைக்கழகம், பூகோளம் என்றேன். அப்பா மொகிங்காவில் எலுமிச்சை பிழிந்துகொண்டே, "பூகோளம் படித்தவரை எந்தக் கடையில் வேலைக்கு வைப்பார்கள்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த எல்லாக் கடைகளையும் மனத்துக்குள் வரிசையாக யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

பூகோளம் என் தலையில் ஏறியதற்குக் காரணம் எட்டாம் வகுப்பு சயாமா, அதாவது ஆசிரியை. சுருட்டி வைத்த பழைய சுவர்ப்படம் ஒன்றை விரித்து, ஐராவதி நதியின் மேல் ஒவ்வொருவரையும் விரலை வைத்து ஓட்டச் சொல்லுவார். மிச்சினாவுக்கு வடக்கே இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் தொடங்கி மண்டலை, பகான், ப்ரோம் வழியாகக் கழிமுகம் வரை. கழிமுகத்துக்கு வந்ததும் நதி பல கைகளாகப் பிரியும். எந்தக் கையில் விரலை விடுவது என்று திணறுவோம். சயாமா எது சரி என்று சொல்லவே மாட்டார். பிறகு பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் டகோனில் பூகோளம் சேர்ந்தார். அவர் வரைந்த சமவுயரக்கோட்டுப் படங்களை எனக்குக் காட்டுவார். மெல்லிய நிப்பில் பழுப்பு மை. ஒரு கோடும் இன்னொரு கோட்டைத் தொடாது. மலை செங்குத்தாக இருக்கும் இடத்தில் கோடுகள் நெருங்கி, தலைமுடி இழைகளைப் போல நிற்கும். அந்த அக்காவின் வகுப்பையே வெளியூருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு குளத்தை நாடாவால் அளக்க வைத்தார்களாம். குளத்தை அளப்பது! எங்கள் வீட்டில் உளுந்தைத் தவிர யாரும் எதையும் அளந்ததில்லை.

அப்பாவுக்குப் பயின்னாவுன் சந்தையில் ஒரு பயறு வியாபாரியிடம் கணக்கு வேலை. பர்மா உளுந்தில் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் போகிறது. நீங்கள் சாப்பிடும் இட்லியில் எங்கள் ஊர் உளுந்து இருக்க வாய்ப்புண்டு. மாலையில் அப்பா சட்டைப்பையில் சிறு சிறு மாதிரிப் பொட்டலங்களோடு வருவார். சாப்பாடு முடிந்ததும் மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து ஒரு பொட்டலத்தைக் கொட்டுவார். வலது கை ஆட்காட்டி விரல் மட்டும் வேலை செய்யும். பூச்சி துளைத்தது ஒரு பக்கம், சுருங்கியது ஒரு பக்கம், கல்லும் மண்ணும் இன்னொரு பக்கம், நல்ல பயறு நடுவில். கண்ணாடி போடாமலேயே பிரிப்பார். எங்கள் விவாதம் எல்லாம் அந்தச் செய்தித்தாளின் மேல்தான் நடந்தது. நான் ஒன்று சொல்லுவேன். விரல் ஒரு பயறைத் தள்ளும். பிறகு பதில் வரும். கோபம் வந்தால் விரலின் வேகம் கூடும், குரல் கூடாது. குரல் கூடியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதல் காரணம் பஸ். டகோன் பல்கலைக்கழகம் நகரத்தின் வடகிழக்கு ஓரத்தில், வயல்கள் இருந்த பக்கத்தில் இருக்கிறது. 1996 டிசம்பரில் மாணவர்கள் தெருவில் இறங்கியதும் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். திரும்பத் திறந்தது 2000இல். திறந்தபோது, இளநிலை மாணவர்கள் நகரத்துக்குள் கூட்டமாகச் சேராமல் இருக்கும்படி வெளிப்பக்க வளாகங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். டகோன், கிழக்கு யாங்கோன், மேற்கு யாங்கோன் என்று எல்லாமே தூரம். கண்டோகலேயிலிருந்து போவதென்றால் டைனா வண்டியின் பின்படியில் தொங்க வேண்டும். ஸ்பேர் பையன், அதாவது கண்டக்டர், வண்டியின் பக்கவாட்டைத் தட்டி "போ, போ" என்று கத்தும்போது ஒரு கால் உள்ளே, ஒரு கால் காற்றில். பெரி பிடிக்கலாம். மாணவர்களை மொத்தமாக ஏற்றிக்கொண்டு போகும் மாதவாடகை வண்டிக்கு இங்கே அந்தப் பெயர். அதன் வாடகையை அப்பா செய்தித்தாளின் ஓரத்தில் எழுதிப் பன்னிரண்டால் பெருக்கிக் காட்டினார்.

இரண்டாவது காரணம், அங்கே நடப்பது பாடமே இல்லை என்பது. சயாமா குறிப்பை வாசிப்பார், பிள்ளைகள் எழுதுவார்கள், தேர்வுக்கு முன்னால் மனப்பாடம். "அந்தக் குறிப்பை நான் ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன், இரண்டு மணி நேரம் தொங்கிக்கொண்டு போய் எழுத வேண்டாம்" என்றார். இது பொய்யில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் அதையேதான் சொன்னார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்; அதுவும் பல்கலைக்கழகக் கேன்டீனில் கிடைக்கும் லெப்பெட்டோ என்ற தேயிலைக் கலவையைப் பற்றி நீளமாகப் பேசிவிட்டு, ஷான் மாநிலத்திலிருந்து வந்த தன் தோழிகளைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில்தான் குறிப்பைப் பற்றிச் சொன்னார்.

மூன்றாவது காரணம் மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. 1996இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதல் வருடத்தில் இருந்தார். டிசம்பரில் லேடான் சந்தியில் மாணவர்கள் உட்கார்ந்தபோது இவர் அங்கே இருந்தாரா, இல்லையா என்பதற்கு எங்கள் வீட்டில் இரண்டு கதைகள் உண்டு. யார் முன்னால் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துக் கதை மாறும். பல்கலைக்கழகம் மூடியதும் வீட்டில் இருந்தார். ஒரு வருடம் காத்திருந்தார். பிறகு ஒரு லைன் வண்டியில் ஸ்பேராக ஏறினார், அப்புறம் ஓட்டக் கற்றார். திறந்தபோது திரும்பப் போகவில்லை. "உன் மாமா பௌதிகம் படித்தார். இன்று அந்தப் பௌதிகம் எங்கே இருக்கிறது? கியர் பெட்டியில்" என்பார் அப்பா. மாமாவே இதைக் கேட்டுச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

இவை எல்லாமே சாப்பாட்டு மேசையில் வைக்கக்கூடிய காரணங்கள். இவற்றுக்கு அடியில் அப்பாவின் பிறவிக் கொள்கை ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் என்பது பெயரைப் பதிவு செய்கிற இடம், படிப்பு நடப்பது வீட்டில். இது எங்கிருந்து வந்தது என்று யூகிப்பது சிரமமில்லை. அவர் 1953இல் பிறந்தவர். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அந்த மே மாதமே ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். 1965இல் தனியார் பள்ளிகளும் அரசுக்குப் போயின. அப்பா படித்த பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு ஒரு பீரியட் இருந்தது. பெயர்ப்பலகை இறங்கி எண் போட்ட பலகை ஏறியது; தமிழ் பீரியட் போயிற்று; தமிழ் வாத்தியாரும் போனார். வகுப்புத் தோழர்களில் எத்தனையோ பேர் குடும்பத்தோடு கப்பலேறி மதராஸ் போய்ச் சேர்ந்தார்கள். தாத்தா போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு அப்பத்தா சொன்ன காரணம், "உன் தாத்தாவுக்குக் கப்பல் என்றால் குமட்டும்" என்பது. வரும்போது மட்டும் குமட்டவில்லையா என்று யாரும் கேட்டதில்லை.

மீதித் தமிழை அப்பா அதற்குப் பிறகு வீட்டிலேயே படித்தார். பொட்டலம் கட்டி வந்த தாள், கோயில் திருவிழா நோட்டீஸ், கப்பலில் வந்த பழைய வார இதழ், எது கிடைத்தாலும். எனக்கும் தம்பிக்கும் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அதே மேசை, அதே உளுந்து. இன்று நான் இப்படி எழுதுகிறேன் என்றால் அந்த மேசையால்தான். ஆகவே பள்ளிக்கூடமே இல்லாமல் படிக்கலாம் என்பதற்கு அப்பாவிடம் உயிருள்ள சாட்சி இருந்தது. அந்தச் சாட்சியே எதிரில் உட்கார்ந்து டேக்குப் போவேன் என்று அடம் பிடித்ததுதான் அவருக்கு எரிச்சல்.

என் வாதம் வேறு. பாடத்துக்காக யாரும் டேக்குப் போவதில்லை. நம் தெருவில் பிறக்காதவர்களின் பக்கத்தில் தினமும் உட்காருவதற்காகப் போகிறோம். கண்டோகலேயில் எனக்குத் தமிழர்களைத் தெரியும், தெலுங்கர்களைத் தெரியும், பாய் வீட்டுப் பிள்ளைகளைத் தெரியும், டீக்கடைக்காரர்களைத் தெரியும். ஒரு கச்சின் பெண்ணோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பதினேழு வயதில் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னேனா என்றால் இல்லை. "எல்லோரும் போகிறார்கள்" என்றுதான் சொல்லியிருப்பேன். பதினேழு வயதில் எல்லோரும் சொல்வது அதுதானே.

நடுவில், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சிரியம் ஊரிலிருந்து பெரியப்பா வந்தார். இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், எதற்கும் தீர்ப்புச் சொல்லிவிடுவார். டீயைச் சாசரில் ஊற்றி ஆற்றிக்கொண்டே, "பெண் பிள்ளைக்கு எதற்கு டே? அவ்வளவு தூரம் போய் வருவதற்குள் கல்யாண வயது வந்துவிடும்" என்றார். அப்பாவின் விரல் நின்றது. "அண்ணே, என் மகள் படிப்பதைப் பற்றி நானும் அவளும் பேசிக்கொள்கிறோம். பெண் பிள்ளை என்பதற்காக நான் ஒன்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை" என்றார். பெரியப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கு ஒரு நிமிடம் அப்பா என் பக்கம் வந்துவிட்டார் என்றே தோன்றியது. பெரியப்பா பஸ் ஏறியதும் உளுந்துக்குத் திரும்பி, "நாளைக்கு அவேதின் விண்ணப்பம் வாங்கி வருகிறேன்" என்றார்.

மேசைக்கு வராத காரணத்தைச் சொன்னது அம்மா. சமையலறையில் மீன் விழுது போட்ட நாப்பிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியை எடுக்காமலே சொன்னாள். "உன் அப்பாவின் அட்டை பச்சை."

அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இங்கே அடையாள அட்டைக்கு மூன்று நிறம். முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, இணைக் குடிமகனுக்கு நீலம், குடியுரிமை வழங்கப்பட்டவருக்குப் பச்சை. அட்டையில் இனமும் மதமும் எழுதியிருக்கும். அம்மாவின் தாய் பர்மியப் பெண் என்பதால் அம்மாவுக்கு இளஞ்சிவப்பு. பெற்றோரில் ஒருவர் முழுக் குடிமகன், மற்றவர் பச்சை என்றால் பிள்ளை முழுக் குடிமகன்தான் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்தில் சேரப் பெற்றோர் இருவரின் அட்டை நகலும் வைக்க வேண்டும். அந்த வருடத்தில் எனக்குப் பத்து வயதில் எடுத்த அட்டைதான் இருந்தது. பதினெட்டில் மாற்ற வேண்டும். டேயில் துறைக்குத் துறை எழுத்தர் ஒவ்வொரு கோப்பையும் பிரித்துப் பார்ப்பார், ஏதாவது கேட்பார், குடிவரவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போகும், தாத்தா எந்த வருடம் எந்தக் கப்பலில் வந்தார் என்பது வரை தோண்டுவார்கள், கடைசியில் என் புதிய அட்டையும் தம்பியின் அட்டையும் அதில் மாட்டிக்கொள்ளும் என்பது அப்பாவின் கணக்கு. அவேதினிலும் அதே நகல்கள்தான் கேட்பார்கள். ஆனால் அங்கே ஆயிரக்கணக்கில் கூட்டம். "கூட்டத்தில் எவனும் நிமிர்ந்து பார்க்க மாட்டான் என்கிறார்" என்றாள் அம்மா.

அன்று ராத்திரியே அப்பாவிடம் போய், "பஸ்ஸைச் சொன்னீர்கள், மாமாவைச் சொன்னீர்கள், அட்டையை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. என்னிடம், "அதெல்லாம் உனக்கு வேண்டாத பேச்சு" என்றார். என் கோபம் இதில்தான். பயம் நியாயமான பயம். அதை என் முன்னால் வைத்திருந்தால், சட்டத்தில் என்ன இருக்கிறது என்று இருவரும் போய் விசாரித்திருக்கலாம். எழுத்தரைப் பார்க்க யாரைக் கூட்டிப்போகலாம் என்று யோசித்திருக்கலாம். அவர் வைத்ததோ பஸ் வாடகையை. ஒரு மாதம் முழுக்க நான் பஸ் வாடகையோடு மல்லுக்கட்டினேன். தோற்கடிக்க முடியாத எதிரி அது, ஏனென்றால் உண்மையில் அது எதிரியே இல்லை.

விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் வந்தது. மேசையில் இரண்டு தாள்கள். டகோனுக்கு நான் நிரப்பியது ஒன்று. அப்பா வாங்கி வந்த அவேதின் தாள் ஒன்று, நிரப்பாமல். இரண்டிலும் பெற்றோர் கையெழுத்துக்கு இடம் இருந்தது. அப்பா மறுக்கவில்லை. இதைக் கவனியுங்கள், அவர் மறுக்கவே இல்லை. பேனாவை மூடியோடு இரண்டு தாளுக்கும் நடுவில் வைத்துவிட்டு, டீயை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார். நேரம் ஓடியது. அலுவலகம் மூடும் நேரம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசியில் அவேதின் தாளை நிரப்பியது என் கைதான். அப்பா உள்ளே வந்து சட்டென்று கையெழுத்துப் போட்டார். அதனால் இன்றைக்கும் பேச்சு வந்தால், "நீதானே எழுதினாய்" என்பார். பேரம் பேசாமலே பேரத்தை முடிப்பது பயின்னாவுன் சந்தையில் கற்ற வித்தையாக இருக்க வேண்டும்.

அவேதினிலும் பூகோளம்தான் எடுத்தேன். அதில் அப்பா தலையிடவில்லை. வருடத்தில் நேர்முக வகுப்பு நடக்கும் அந்தச் சில நாட்களை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு கூடத்தில் எத்தனை பேரை அடைக்க முடியுமோ அத்தனை பேர். இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் திட்டில், வாசல் படியில். ஒலிபெருக்கியில் சயாமாவின் குரல் இரைச்சலோடு வரும். என் பக்கத்தில் தையல் ஆலையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, வகுப்பு நடக்கும்போதே தூங்குவாள். முந்தைய ராத்திரி ஓவர்டைம். முன்வரிசையில் ஒரு போலீஸ்காரர். அதற்கு முன்னால், மகளும் தாயும் ஒரே வருடம், ஒரே பாடம். மகள் எழுதியதைத் தாய் பார்த்து எழுதுவார், தாயின் எழுத்துத்தான் அழகு. தெருவில் பிறக்காதவர்களின் பக்கத்தில் உட்கார வேண்டும் என்ற ஆசை அங்கே நிறைவேறியது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் பெயர் பழகுவதற்குள் தேர்வு வந்துவிடும். தேர்வு முடிந்தால் அடுத்த வருடம் வேறு முகங்கள். குளம் எதையும் அளக்கவில்லை. சமவுயரக்கோடு வரைந்தேன், வீட்டில், உளுந்து மேசையின் மறு ஓரத்தில். அப்பா ஒரு நாள் எட்டிப் பார்த்து, "இது என்ன, கைரேகையா?" என்றார்.

மாலை நேரத்தில் நகரத்துக்குள் ஒரு டியூஷன் நிலையத்தில் எல்.சி.சி.ஐ. கணக்கு. லண்டன் வர்த்தக சபையின் பெயரில் நடந்த தேர்வு. அன்றைய ரங்கூனில் வேலை தேடும் பிள்ளைகளில் பாதிப்பேர் அதைத்தான் படித்தார்கள். முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை. பற்று, வரவு, இருப்பாய்வு. எனக்கு நன்றாக வந்தது. வந்ததே ஒரு எரிச்சல். பட்டம் கையில் வருமுன்பே ஒரு பயறு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கர் வேலை கிடைத்துவிட்டது. அப்பா கோயிலில் அர்ச்சனை செய்தார். என் அட்டை இளஞ்சிவப்பாகவே வந்தது, யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கூட்டத்தில் மறைந்ததால்தான் என்று அப்பா சொல்கிறார். சட்டம் அப்படி இருப்பதால்தான் என்று நான் சொல்கிறேன். இதைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை என்பதால் இந்தச் சண்டைக்கு முடிவே இல்லை.

அப்பாவின் வாதத்தில் மிகப் பலமானது 'நிலையான வேலை' என்பது. அதற்கு 2017இல் பதில் வந்தது. ஆகஸ்டில் இந்திய அரசு பயறு இறக்குமதிக்கு வரம்பு போட்டது. உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து வருடத்துக்கு மூன்று லட்சம் டன், துவரைக்கு இரண்டு லட்சம் டன். பயின்னாவுனில் விலை சரிந்தது. எங்கள் நிறுவனத்தின் கிடங்கில் மூட்டைகள் கூரையைத் தொட்டன. கணக்குப் பிரிவில் முதலில் போனவர்களில் நானும் ஒருத்தி. டில்லியில் யாரோ போட்ட ஒரு கையெழுத்து, ரங்கூனில் அப்பா பதினான்கு வருடங்களுக்கு முன் போட்ட கணக்கைக் கலைத்துவிட்டது. அவரைக் குற்றம் சொல்லவில்லை. டில்லியை யார் கணக்கில் சேர்ப்பார்கள்? ஆனால் பூகோளத்தில் வேலை இல்லை, கணக்கில் உண்டு என்று அவ்வளவு உறுதியாகச் சொன்னாரே, அந்த உறுதியைத்தான் கேட்கிறேன். அதன் பிறகு நாலைந்து சிறு கடைகளுக்குத் தனியாகக் கணக்கு எழுதித் தருகிறேன். பிழைப்பு ஓடுகிறது.

வேலைக்குப் போகும் நாட்களில் என் பஸ் பியே ரோடு வழியாக, 1920இல் தொடங்கிய பழைய ரங்கூன் பல்கலைக்கழகத்தைத் தாண்டிப் போகும். பெரிய பெரிய மரங்கள், உள்ளே ஆள் நடமாட்டம் அதிகம் இல்லாத சாலைகள். முதுநிலை மாணவர்கள் மட்டும் அங்கே இருந்தார்கள். 2013 டிசம்பரில் இளநிலை வகுப்புகளைத் திரும்பவும் அங்கே திறந்தார்கள். அன்றைய பத்திரிகைப் படத்தில் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு பெண்கள் நடந்து வந்தார்கள். எனக்கு இருபத்தேழு வயது. அந்தப் பத்திரிகையை அப்பாவின் மேசையில், உளுந்து கொட்டும் இடத்தில், படம் மேலே தெரியும்படி வைத்தேன். அவர் அதன் மேலேயே கொட்டிப் பிரித்தார். கவனிக்கவில்லையா, கவனித்துவிட்டுத்தான் செய்தாரா தெரியாது. இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் இப்போது கிளறுவதற்குக் காரணம் தம்பி மகன். அவனுக்குப் பதினேழு. பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடித்திருக்கிறான். இப்போது அதைப் பன்னிரண்டாம் வகுப்பு என்கிறார்கள். பையன் ஜி.இ.டி. எழுத வேண்டும் என்கிறான். அமெரிக்காவில் பள்ளியை முடிக்காதவர்களுக்கான தேர்வு அது, நான்கே பாடம், தாய்லாந்துப் பல்கலைக்கழகங்களில் அதை வைத்துச் சேரலாம் என்பதால் இங்கே மூலைக்கு மூலை வகுப்பு நடக்கிறது. தம்பி வேண்டாம் என்கிறான், செலவு தாங்காது. இதில் அப்பா புகுந்து என்ன சொன்னார் தெரியுமா?

"டேயில் போடுங்கள்."

நான் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். எழுபதைத் தாண்டிய மனிதர், மகளுக்கு எதிராக ஒரு மாதம் பஸ் வாடகையைப் பெருக்கிக் காட்டியவர், பேரனுக்கு டேயைச் சிபாரிசு செய்கிறார். பையன் பதிலுக்கு என்ன சொன்னான்? "தாத்தா, அங்கே பாடமே நடப்பதில்லை, குறிப்பை வாசிப்பார்கள், எழுத வேண்டும், அவ்வளவுதான்." யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. ரத்தத்தில் வந்திருக்கிறது.

இந்தத் தடவை நான் விடவில்லை. அப்பாவிடம், "பஸ்ஸைப் பற்றிப் பேசாதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள். அவன் முன்னாலேயே சொல்லுங்கள்" என்றேன். அவர் செய்தித்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு சொன்னார். 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த கட்டாய ராணுவ சேவைச் சட்டம் இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆண்களுக்குப் பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து. முழுநேரம் படிக்கும் மாணவர்களுக்குத் தள்ளிவைப்பு உண்டு. டேயில் இருந்தால் கையில் ஒரு கடிதம் இருக்கும் என்பதுதான் அப்பாவின் கணக்கு. இந்தச் சட்டத்தைப் பற்றி இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. காரணம் உங்களுக்கே புரியும்.

பையன் கேட்டுவிட்டு, "அதற்காகத்தான் தாத்தா நானும் போக வேண்டும் என்கிறேன். பதினெட்டு முடிந்தால் வெளியே போகவே விடமாட்டார்கள்" என்றான். தம்பி வாயைத் திறக்கவில்லை. செலவு என்று அவன் சொன்னதற்குக் கீழேயும் வேறு ஏதோ இருந்திருக்க வேண்டும், மகனைப் பிரிந்து இருக்க முடியாது என்பதாக இருக்கலாம். மூன்று பேரும் ஒரே பயத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரமாக மூன்று விதமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். சொல்லி முடித்ததும் சத்தம் அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை, விஷயம்தான் மாறியது. யாருடைய நகையை விற்பது என்று ஆரம்பித்தார்கள். அம்மா தன் வளையலைச் சொன்னாள், தம்பி மனைவி தன் சங்கிலியைச் சொன்னாள், தம்பி வண்டியை விற்கிறேன் என்றான், வண்டி போனால் சோறு எப்படி வரும் என்று அப்பா கத்தினார். வாழ்நாளில் முதல்முறையாகக் குரல் கூடிக் கேட்டேன்.

நான் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்கே போய் என்ன பாடம் எடுக்கப் போகிறாய்?" என்று கேட்டேன். அத்தனை சத்தத்தில் ஒருவரும் அவனிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

"தெரியவில்லை அத்தை. முதலில் போய்ச் சேர்கிறேன், சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றான்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.